கழுதைப் படம்

குமரேசனுக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று டாக்டரம்மா கேட்டபோது, அவனுடைய அம்மா பாஞ்சாலை சட்டென்று, "கோழிக்கறின்னா உசுருங்க" என்றாள். சொன்ன பிறகுதான் மகனின் மூக்கில் செருகியிருந்த குழாயைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். "சாப்பாடு இல்லம்மா. கேக்கறது, பாக்கறது. பழகின குரல், சின்ன வயசுல கேட்ட பாட்டு, அந்த மாதிரி. தினமும் கொஞ்ச நேரம் அவர் முன்னால வைங்க. சில பேருக்கு ஏதோ ஒண்ணு உள்ள போய்த் தொடும். பல பேருக்குத் தொடாது, அதையும் சொல்லிடறேன். எதிர்பாத்துக்கிட்டு உக்காராதீங்க. ஆனா செய்ங்க."

எதிர்பார்க்காமல் எப்படிச் செய்வது என்று பக்கத்தில் நின்ற அவனுடைய அக்கா அபிதகுசாம்பாளுக்குக் கேட்கத் தோன்றியது.

அது 2006 ஆகஸ்ட். ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலூரிலிருந்து நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆரணிக்கு வந்துகொண்டிருந்தான் குமரேசன். கண்ணமங்கலம் தாண்டியதும், பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெயிலரில் வண்டி போய் மோதியது. ஓட்டிய நண்பனுக்குக் கை முறிந்தது. குமரேசனுக்கு உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை, தலையில்தான். இரண்டு முறை மண்டையைத் திறந்து மூடினார்கள். ஏழு வாரம் கழித்து, இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு எதுவுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். கண் திறந்திருக்கும். மூச்சு விடுவான். கொட்டாவி விடுவான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பாலிடெக்னிக் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன், இருபது வயது.

ஆரணியில் அவர்கள் வீட்டில் கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் கட்டிலைப் போட்டார்கள். அப்பா பரசுராமன் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தால் கட்டில் அவருக்கு முதுகுப் பக்கம் இருக்கும். அப்படித்தான் இடம் அமைந்தது, வேறு வழியில்லை.

அபிதாவைக் கட்டிக்கொடுத்தது வந்தவாசியில். கணவன் பன்னீர்செல்வம் உரக்கடையில் வேலை பார்த்தான். மூன்று வயது மகள் காவ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அபிதா பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஆரணி பஸ் ஏறினாள். வரும்போதெல்லாம் டாக்டரம்மா சொன்னதைச் செய்தாள். கிரிக்கெட் மேட்ச் போட்டுக் காட்டினாள். சினிமாப் பாட்டு வைத்தாள். கல்லூரிப் பையன்களை வரவழைத்துக் காதருகே பேசச் சொன்னாள். அவர்கள் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது முறை யாரும் வரவில்லை.

நவம்பரில் ஒரு நாள், தம்பியின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கழுதைப் படம் நினைவுக்கு வந்தது.

அது அவர்கள் வைத்த பேர். உண்மையான பேர் அபிதாவுக்குத் தெரியாது. 1992இல் அவளுக்குப் பதினொரு வயது, குமரேசனுக்கு ஆறு. அந்தத் தெருவில் டி.வி. இருந்தது அருள்ராஜ் சார் வீட்டில் மட்டும். அவர் இங்கிலீஷ் வாத்தியார். கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு துண்டு கேக் கொடுப்பார். அன்று மதியம் தூர்தர்ஷனில் ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். வெளிநாட்டுப் படம், இங்கிலீஷில் பேசியது. அரை மணி நேரத்துக்கும் குறைவு. மலைமேல் ஓர் ஊர், எங்கே பார்த்தாலும் பனி. தெருவிளக்கு ஏற்றும் கிழவன் ஒருவன், கம்பளி நூலில் தாடி. அவனிடம் ஒரு காது மடங்கிய கழுதை. பண்டிகைக்கு முதல் நாள் கிழவன் படுத்துவிடுகிறான். கழுதை எண்ணெய்த் தூக்கை வாயில் கவ்விக்கொண்டு தனியாக மலை ஏறுகிறது. நடுவில் உறைந்துபோன ஒரு மரப்பாலம். கால் வழுக்கி, முன்னங்கால் இரண்டும் பலகைக்கு வெளியே தொங்கும். அந்த இடத்தில் குமரேசன் அக்காவின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வுழுந்துடும்க்கா, வுழுந்துடும்" என்றான். விழவில்லை. கழுதை மேலே போய்ச் சேர்ந்தது, கோயில் விளக்கு எரிந்தது, கீழே ஊர் முழுக்க ஒவ்வொரு விளக்காக எரிந்தது. கடைசியில் கிழவனும் கழுதையும் சேர்ந்து நடந்து போனார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் குமரேசன் கதை கேட்டான். அபிதாவுக்கும் பேச்சு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. ஆனாலும் சொன்னாள். "கெழவனுக்கு ஜுரம்டா. கழுத டாக்டர் வூட்டுக்குப் போவுது. டாக்டர் வந்து ஊசி போட்டாரு. கெழவனுக்கு நல்லாப் பூடுச்சி. அப்பறம் ரெண்டு பேரும் பாயாசம் சாப்புட்டாங்க." பாயாசத்தை அவளே சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடமும் அந்தப் படத்தைப் போட்டார்கள். அதற்கடுத்த வருடமும். நான்கு வருடம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மதியம் அருள்ராஜ் சார் வீட்டுக் கூடம். கழுதை விழாது என்று தெரிந்திருந்தும் பாலத்தில் குமரேசன் அக்காவின் துணியைப் பிடிக்காமல் இருந்ததில்லை. ஒன்பது வயதில்கூடப் பிடித்தான், மற்ற பையன்கள் பார்க்காதபடி முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய். அதன் பிறகு படத்தைப் போடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் டி.வி. வந்தது, கேபிள் வந்தது. அருள்ராஜ் சார் ரிட்டயர் ஆகி வேலூரில் மகன் வீட்டோடு போய்விட்டார்.

அபிதா முதலில் பஜாரில் சி.டி. கடைகளில் கேட்டாள். பேர் தெரியாத படத்தை எப்படித் தேடுவது என்று சிரித்தார்கள். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, கழுதை, பனி, விளக்கு என்று தெரிந்த இங்கிலீஷில் தட்டிப் பார்த்தாள். என்னென்னவோ வந்தது, அது வரவில்லை. கடைசியில் அருள்ராஜ் சாரின் சர்ச்சுக்குப் போய் வேலூர் விலாசம் வாங்கிக்கொண்டு, காவ்யாவையும் தூக்கிக்கொண்டு நேரில் போனாள்.

சாருக்கு முடி எல்லாம் வெளுத்திருந்தது. குமரேசனுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. அபிதா எல்லாவற்றையும் சொல்லி, கழுதைப் படத்தைக் கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய், அரை மணி நேரம் ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகப் பிரித்து, ஒரு வீடியோ கேசட்டோடு வந்தார். முதுகில் பச்சை மையில் 'கிறிஸ்துமஸ் 93' என்று எழுதியிருந்தது.

"அந்த வருஷம் புதுசா வி.சி.ஆர். வாங்கினேன். கண்டதையும் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தேன். இதுல அது இருக்கணும். பூஞ்சை புடிச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

வாசல் வரைக்கும் வந்தவர், இன்னொன்றும் சொன்னார். வேலூருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. குமரேசன் மாதிரி இருப்பவர்களுக்கானது. பன்னிரண்டு படுக்கைதான். நர்ஸ் உண்டு, தினமும் கை கால் அசைத்துப் பயிற்சி தர ஆள் உண்டு. "இடம் காலியாறது அபூர்வம். நான் எழுதிப் போடறேன். வந்தா உடனே சேத்துடணும், என்ன?"

"சரிங்க சார்" என்றாள் அபிதா. அவள் மனசெல்லாம் கேசட்டில் இருந்தது.

ஆரணியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் கேசட்டைக் கழற்றித் துடைத்து ஓட்டிப் பார்த்தார். படம் இருந்தது. ஓரங்களில் வெள்ளைக் கோடு ஓடியது, நிறம் வெளிறியிருந்தது, ஆனால் இருந்தது. சி.டி.யாக மாற்றிக் கொடுத்தார்.

டிசம்பர் இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை. பாஞ்சாலை ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்க கேனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பரசுராமன் முடித்த புடவையை முதலாளி வீட்டில் கொடுக்கப் போயிருந்தார். காவ்யா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அபிதா தம்பியின் முதுகுக்குப் பின்னால் தலையணை அடுக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சாயாதபடி துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். டி.வி.யைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பினாள். மூன்று மணிக்குப் படத்தைப் போட்டாள்.

அந்த இசை எழுந்ததும் அபிதாவுக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. பனி, தாடிக் கிழவன், காது மடங்கிய கழுதை. எல்லாம் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தன. பொம்மைகளின் கை கால்களை அசைத்த கம்பிகூட ஓரிடத்தில் தெரிந்தது. அவள் டி.வி.யைப் பார்க்காமல் தம்பியைப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் கண் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இருந்தது. அவள் மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். கண் கூடவே வந்து டி.வி.யின் ஓரத்தில் நின்றது, பிறகு தானாக மேலே போனது.

"குமரேசா. கழுதடா. அருள்ராஜ் சார் வூட்ல பாத்தமே. பாரு."

கிழவன் படுத்துவிட்டான். கழுதை அவன் கையை நக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்கிறாள். சின்ன வயதில் அந்த இடத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று அபிதாவுக்குத் தெரியாது. இப்போது பிளஸ் டூ முடித்து, இரண்டு வருடம் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்தவள். இங்கிலீஷ் பேச்சை முழுக்கப் பிடிக்க முடியாது. ஆனால் 'டெட்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. கிழவன் செத்துப்போய்விட்டான். படம் பாதிக்கு வருவதற்கு முன்பே செத்துப்போய்விட்டான். கழுதை டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. செத்தவன் விட்டுப்போன வேலையை முடிக்கத்தான் போகிறது. கடைசியில் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள் என்றால், கழுதையும் செத்துப்போயிருக்க வேண்டும். நான்கு வருடம் இதைப் பார்த்துவிட்டு வந்து தம்பிக்கு ஊசியும் பாயாசமும் சொல்லியிருக்கிறாள்.

பாலம் வந்தது. அபிதா கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமரேசனின் விரல்கள் எப்போதும் உள்ளே மடிந்து இறுகியிருக்கும். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தன் முந்தானையை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கழுதை வழுக்கியது. முன்னங்கால்கள் வெளியே தொங்கின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அவன் உதட்டைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

கழுதை எழுந்து போய்விட்டது. குமரேசன் கொட்டாவி விட்டான். கண் மூடியது. விளக்குகள் எரிந்தபோது அவன் தூங்கியிருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது, அபிதா துடைத்தாள். மீதிப் படத்தை அவள் தனியாகப் பார்த்து முடித்தாள். முந்தானையை எடுக்க மறுபடி ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அது பிடி அல்ல. இறுக்கம்தான்.

பாஞ்சாலை வந்தாள். கேனைக் கீழே வைக்காமல் நிலைப்படியிலேயே நின்று கேட்டாள். "இன்னா ஆச்சி? போட்டியா? பாத்தானா?"

அம்மாவின் முகத்தை அபிதா பார்த்தாள். ஆறு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த முகம் எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது. எதுவும் கிடைக்காது என்று பாதி தெரிந்தே காத்திருந்தது.

"பாத்தான்மா" என்றாள் அபிதா. "அந்தப் பாலம் வர்ற எடத்துல… லேசா சிரிச்சான்."

கேன் நிலைப்படியில் இறங்கியது. பாஞ்சாலை அங்கேயே உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு கையாலும் தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று ராத்திரி அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்குப் படம் ஓடியது. அபிதா வந்தவாசிக்குத் திரும்பிய பிறகும் ஓடியது. போனில் பாஞ்சாலை சொன்னாள், "இன்னிக்கும் சிரிச்சான்டி. இந்தப் பக்க ஒதடு இப்பிடிப் போச்சி." கரண்ட் கட் ஆன நாளில், "இன்னிக்கு இல்ல, அதான் கொழந்த பேஜாரா கெடக்குறான்" என்றாள்.

அபிதா பன்னீர்செல்வத்திடம் உண்மையைச் சொன்னாள். அவன் காவ்யாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். "வுடு. அந்தம்மா நாலு நாளு நிம்மதியா இருக்கட்டும். இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றான். அவளுக்கும் அது சரி என்றே பட்டது.

பிப்ரவரியில் அருள்ராஜ் சாரின் கடிதம் வந்தது. இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. மார்ச் முதல் தேதிக்குள் சேர்த்துவிட வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அபிதா அன்றைக்கே பஸ் ஏறினாள்.

போனபோது மூன்றே கால் மணி. படம் ஓடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலை கட்டிலில் உட்கார்ந்து மகனைத் தன் மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். படம் முடியும் வரை யாரையும் பேசவிடவில்லை. பரசுராமன் அந்த நேரத்தில் தறி மிதிப்பதில்லை, சத்தம் வரக் கூடாதென்று உத்தரவு. குழியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அபிதா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பாஞ்சாலை கேட்டு முடித்துவிட்டு, "அங்க எதுக்கு?" என்றாள்.

"அங்க நர்ஸுங்க இருக்காங்கம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் போடுவாங்க. கை காலுக்குப் பயிற்சி குடுப்பாங்க. நீயும் போய்ப் பாத்துக்கலாம்."

"சரியாவாத புள்ளைங்கள அங்க போடுவாங்க. இவன் சரியாய்கினு வர்றான். சிரிக்கிறான். இன்னும் நாலு மாசத்துல பேசுவான். இப்பப் போய் எவளோ கையில குடுக்கச் சொல்றியே."

அபிதா அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வதென்று வழி தேடினாள். வழியெல்லாம் ஒன்றுதான். "அம்மா. அன்னிக்கி அவன் சிரிக்கல. தூங்கிட்டான். நீ கேட்டப்ப எனக்கு மனசு வரல. பொய் சொல்லிட்டன்."

பாஞ்சாலை மகளை நிதானமாகப் பார்த்தாள். கோபம் வரும் என்று அபிதா நினைத்தாள். வரவில்லை.

"அன்னிக்கி சிரிக்கலன்னா போவுது" என்றாள் பாஞ்சாலை. "நேத்து சிரிச்சான். நான் பாத்தன்."

"அம்மா."

"நீ பதினஞ்சி நாளைக்கி ஒருக்கா வந்து பாக்கற. நான் தெனம் பாத்துகினு இருக்கறன். எனக்குத் தெரியாதா?"

அபிதா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லுப்பா. நீ பாத்தியா?"

பரசுராமன் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்து அதில் நூல் இருக்கிறதா என்று பார்த்தார். நிறைய இருந்தது. "எனக்குக் கட்டிலு முதுகுப் பக்கம்தான அபிதா" என்றார்.

அருள்ராஜ் சார் கெஞ்சி இன்னும் பத்து நாள் தவணை வாங்கினார். அவரே ஒரு முறை ஆரணிக்கு வந்து பேசினார். பாஞ்சாலை அவருக்குக் காப்பி கொடுத்து, படத்தையும் போட்டுக் காட்டி, "பாருங்க சார், பாருங்க, அந்த ஒதட்ட" என்றாள். சார் பார்த்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டார். மார்ச் பதினோராம் தேதி அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போயிற்று.

அந்தக் கோடையில் பாஞ்சாலை படத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் மகனை நிமிர்த்தி உட்காரவைத்தாள். சிரிப்பு எந்த நிமிடத்தில் வருமோ என்று படம் முடிந்த பிறகும் அப்படியே வைத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்தது. ஜூலையில் அபிதா வந்து வேட்டியை விலக்கிப் பார்த்தபோது ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள். பிறகு உள்ளே போய் வெந்நீர் வைத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டும்போது குமரேசனின் முகம் லேசாகச் சுளித்தது. அந்த ஒரு வருடத்தில், கொட்டாவியைத் தவிர, அவன் முகத்தில் அவள் கண்ணால் கண்ட ஒரே அசைவு அது.

காவ்யாவுடன் இரண்டு மாதம் அங்கேயே இருந்து கவனித்தாள். சி.டி.யை எடுத்து மறைத்து வைத்தாள். பாஞ்சாலை ஸ்டுடியோக்காரரிடம் போய் இன்னொன்று வாங்கி வந்தாள். புண் ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. செப்டம்பரில் பன்னீர்செல்வம் வந்து, "குழந்தைய எல்.கே.ஜி. சேத்தும் அனுப்பாம வச்சினு இருக்கோம், வா" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அபிதா போனாள்.

நவம்பர் மழையில் குமரேசனுக்கு ஜுரம் வந்தது. சளி நெஞ்சில் இறங்கியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலையில், பாஞ்சாலை பல் துலக்கக் குழாய்க்குப் போயிருந்த நேரத்தில், மூச்சு நின்றது. அபிதா பக்கத்தில் இருந்தாள். அவனிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. இருந்தபோது எப்படிக் கிடந்தானோ அப்படியேதான் கிடந்தான். நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அருள்ராஜ் சார் துக்கம் கேட்க வந்தார். பாஞ்சாலை வந்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்துகினே இருந்தான்ங்க. சிரிக்க ஆரம்பிச்சிட்டான். இந்தப் பாழாப்போன சளி மட்டும் வரலன்னா இந்நேரம் பேசியிருப்பான்." சாரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க படத்தாலதான் சார் அவன் சிரிச்சான். நீங்க நல்லா இருக்கணும். கேளுங்க, அபிதாவக் கேளுங்க. அவதான் மொதமொத பாத்தவ."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அபிதாவைப் பார்த்தார்கள். தட்டில் காப்பி டம்ளர்களோடு நின்றிருந்தாள்.

"ஆமா சார்" என்றாள். "சிரிச்சான்."

சாரை பஸ் நிலையம் வரைக்கும் அவள் கொண்டுபோய் விட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஒரே குடையில் நடந்தார்கள். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வரும்போது அவர் கேட்டார். "நெஜமாவாம்மா?"

"இல்ல சார். ஒரு நாளும் இல்ல."

பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேலூர் பஸ் நின்றிருந்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று பேசுபவர் மாதிரி சார் சொன்னார். "அந்த இல்லத்துக்குப் போன வாரம் போயிருந்தேன். அந்தப் படுக்கையில இப்ப வந்தவாசிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருக்குது. கெணத்துல விழுந்து தலையில அடி. கொண்டுவந்தப்ப இவன் மாதிரியேதான் இருந்துச்சாம். இப்ப பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்குது. கரண்டியப் புடிக்குது." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் அடி ஒவ்வொரு மாதிரிம்மா. இவனுக்கும் அப்படி ஆயிருக்கும்னு சொல்ல முடியாது."

"முடியாதுங்க சார்" என்றாள் அபிதா. "அந்தப் பொண்ணு பேரு இன்னா சார்?"

"பானுப்ரியா."

"நல்லாருக்கட்டும்."

பஸ் புறப்பட்டுத் திரும்பும் வரை நின்றாள். பிறகு வந்தவாசி பஸ் எத்தனை மணிக்கு என்று டைம் கீப்பரிடம் கேட்டுக்கொண்டாள். நாலே காலுக்கு ஒன்று, அதை விட்டால் ஐந்தரைக்கு. அப்படியே ஏறிவிடலாம் போலிருந்தது, ஆனால் துணி எல்லாம் வீட்டில் இருந்தது. காவ்யாவும் அங்கேதான் இருந்தாள், பாஞ்சாலையின் மடியில்.